சாரின் இரண்டாவது மதிப்பெண்

எங்கள் வீட்டு அடுக்களை ஜன்னலும் சங்கரநயினார் சார் வீட்டு முற்றமும் நேருக்கு நேர் அமைந்ததில் என் தவறு ஒன்றும் இல்லை. கட்டின கொத்தனாரைத்தான் கேட்க வேண்டும். நான் பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். அவர்கள் வீட்டில் நடப்பது தானாக வந்து கண்ணில் விழும். கண்ணை மூடிக்கொண்டு வெங்காயம் உரிக்க முடியுமா?

அப்படித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமையும் விழுந்தது. சாரின் மகள் மிருதுளா, பதினைந்து வயது, முற்றத்தில் தண்ணீர்த் தொட்டி மூடியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தரைக்கடியில் இருக்கிற தொட்டி. இரும்பு மூடி. அடியிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. மோட்டாரில் காற்று அடைத்திருக்கும் என்று நினைத்தேன். பிறகு அந்த மோட்டார் “அம்மா” என்றது.

கரண்டியும் கையுமாக ஓடினேன்.

“ஏட்டி, குகன் எங்க?”

“உள்ள இருக்கான் அத்தை.”

குகன் அவளுடைய தம்பி. ஐந்து வயது.

“எதுக்கு உள்ள இருக்கான்?”

“எம்புட்டு நேரம் கத்துவான்னு பாக்கேன். பதினாலு நிமிசம் ஆவுது.”

சொல்லிவிட்டு நகர்ந்து வழிவிட்டாள். நான் மூடியைத் தூக்கத் திணறியபோது ஒரு பக்கம் கைகூடக் கொடுத்தாள். முகத்தில் கோபம் இல்லை, மாட்டிக்கொண்ட பயம் இல்லை, ஒன்றும் இல்லை. டிரைவர் இல்லாத பஸ் ஓடுகிற காலம் வந்தும் பாளையங்கோட்டைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். அன்றைக்குத் தண்ணீர் வராத முறை. பிள்ளை முழங்கால் தண்ணீரோடு பிழைத்தான். மாநகராட்சியை நான் வாழ்த்திய ஒரே நாள் அது.

சங்கரநயினார் சாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உயர்நிலைப் பள்ளியில் உதவித் தலைமையாசிரியர். நெற்றி நிறைய திருநீறு. மார்கழியில் கோயிலில் தேவாரம் பாடுவார். வெங்காயம்கூடச் சேர்க்காத சுத்த சைவம். தெருவில் யாரையும் ஒருமையில் அழைத்ததில்லை, நாய் உட்பட. அவர் மனைவி சிந்துஜா கூட்டுறவு வங்கியில் வேலை. வாய் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டாள். என்னைப் போன்றவர்களுக்கு அவளால் ஒரு பிரயோசனமும் கிடையாது.

இப்படிப்பட்ட தம்பதிக்கு இப்படி ஒரு பிள்ளை. ‘மிருதுளா’ என்று பெயர் வேறு. இதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்ணின் கையில் சூடான கம்பியை வைத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, “தோல் எப்படிச் சுருங்குதுன்னு பாத்தேன்” என்றாளாம். அதையெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று மூடியாகிவிட்டது. தொட்டியை அப்படி மூட முடியவில்லை. நான் பார்த்துவிட்டேனே.

மறுநாள் சாரே என் வீட்டுக்கு வந்தார்.

“அக்கா, ஒரு உதவி. பிள்ளைய சோதிச்சு வைத்தியம் பண்ணணும். வண்ணார்பேட்டையில ஒரு மையம் இருக்கு. தினமும் பிள்ளையப் பாக்குத, சொந்தமில்லாத ஆள் ஒருத்தர் சாட்சியா கூட வரணும்னு சட்டமாம்.”

“எனக்கு வேலை கிடக்கே சார்” என்றேன். அதற்குள் சேலையை எடுத்து வைத்துவிட்டேன்.

மையத்தில் டாக்டர் ஹெப்சிபா. ஒல்லியான பெண். நாற்பது வயதிருக்கும். மிருதுளாவை உள்ளே அனுப்பி, தலையில் ஒரு குல்லாயை மாட்டி ஒரு மணி நேரம் சோதித்துவிட்டு எங்களிடம் வந்தார்.

“உங்க பிள்ளைக்குப் புத்தி நல்லா இருக்கு. அடுத்தவங்களுக்கு வலிக்கும்னும் தெரியுது. ஆனா தெரிஞ்சதும் கை நிக்கணும் இல்லையா, அந்தத் தடை இல்ல. வண்டி நல்ல வண்டி. பிரேக் இல்ல.”

“மாத்திரை?” என்றார் சார்.

“மாத்திரை வண்டியையே நிறுத்திடும். பிரேக் வேணும்னா இன்னொருத்தர்கிட்ட இருந்துதான் எடுக்கணும். அவங்க மூளையில அந்தத் தடை எப்படி ஓடுதுன்னு படி எடுத்து, பிள்ளைக்கு ஒட்டுப் போடுவோம். மாங்கன்னுக்கு ஒட்டுப் போடுற மாதிரிதான். ரத்த சொந்தமா இருந்தாத்தான் பிடிக்கும். கொடுக்குறவங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல.”

“போடாட்டி?”

“அஞ்சு வயசுப் பையன் இருக்குற வீட்டுக்கு இவளை அனுப்ப முடியாது சார். காப்பகத்துக்குத்தான் எழுதணும்.”

சிந்துஜா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

ஒட்டுக்குப் பொருத்தம் பார்த்தார்கள். கல்யாணத்துக்குப் பார்ப்பதைவிடக் கண்டிப்பு. சிந்துஜாவுடையது முதல் சோதனையிலேயே பொருந்தவில்லை. சாருடையது பொருந்தியது. இன்னொரு ஆளும் இருந்தால் நல்லது என்றார் டாக்டர். சார் வாயைத் திறக்கவில்லை. எனக்கு நாக்கு அரித்தது.

“சாருக்கு ஒரு தம்பி இருக்காரே” என்றேன்.

இசக்கிமுத்து. பத்தொன்பது வயதில் ஒரு தகராறில் ஒருவனைக் கட்டையால் அடித்து, அவனுக்கு ஒரு கண் போய், இவன் நாலு வருடம் உள்ளே இருந்தான். வெளியே வந்து மேலப்பாளையத்தில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு கோழிக்கடை வைத்தான். சுத்த சைவக் குடும்பத்தில் கோழிக்கடை. சார் வீட்டில் அவன் பெயரைச் சொன்னால் தண்ணீர் தெளிப்பார்கள். ஆனாலும் ரத்தம் ரத்தம்தானே. கூப்பிட்டதும் வந்தான். கையைக் கழுவிவிட்டுத்தான் வந்திருந்தான். ஆனாலும் சார் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

சோதனை இப்படி. குல்லாயை மாட்டினதும் ஒரு அறையில் இருக்கிற மாதிரித் தோன்றும். ஒரு நாய்க்குட்டி காலைச் சுற்றும், வேட்டியைக் கடிக்கும், முக்கியமான காகிதத்தைக் கிழிக்கும். நமக்கு என்ன செய்யத் தோன்றுகிறதோ அதைக் கருவி எழுதிக்கொள்ளும். கையை அடக்கிக்கொள்கிற அளவுக்கு நூற்றுக்கு மார்க்.

முடிவு வந்தபோது டாக்டர் கையில் ஆளுக்கு இரண்டு எண் இருந்தது.

“ரெண்டு தடவை பாப்போம். நம்மள யாரோ பாத்துக்கிட்டு இருக்காங்கங்குற நினைப்பு மூளையில எந்நேரமும் ஓடும். முதல் தடவை அதை அப்படியே விட்ருவோம். ரெண்டாவது தடவை அதைப் பத்து நிமிஷம் அணைச்சுருவோம். யாரும் பாக்கல, யாருக்கும் எந்தக் காலத்துலயும் தெரியாதுன்னு உடம்பு முழுசா நம்பும்.”

“சரி, எம்புட்டு?” என்றார் சார்.

“இசக்கிமுத்துவுக்கு முதல்ல அறுபத்தொண்ணு. ரெண்டாவதும் அறுபத்தொண்ணு.”

சார் லேசாகச் சிரித்தார். அறுபத்தொன்று வாங்கின பையனைப் பார்த்து வாத்தியார்கள் சிரிக்கிற சிரிப்பு.

“உங்களுக்கு முதல்ல தொண்ணூத்தாறு. நான் இதுவரைக்கும் பாத்ததுலயே பெரிய எண்.” டாக்டர் காகிதத்தைத் திருப்பினார். “ரெண்டாவது, பதினொண்ணு.”

தேவாரம் பாடுகிற வாய், நாயை ‘வாங்க’ என்று கூப்பிடுகிற வாய். பதினொன்று.

சார்தான் முதலில் பேசினார். “ரெண்டாவது பரீட்சை ஒண்ணு இருக்குன்னு எங்கிட்ட யாரும் சொல்லலையே டாக்டர். சொல்லியிருந்தா நல்லா செஞ்சிருப்பேன்.”

“சொன்னா அது ரெண்டாவது பரீட்சை இல்ல சார்.”

“மிருதுளாவுக்கு எம்புட்டு?” என்றாள் சிந்துஜா.

“எட்டு. ரெண்டு தடவையும் எட்டுத்தான். அவ யாருகிட்டயும் எதையும் மறைக்கல.”

டாக்டர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு சாரிடம் பேசினார். “சட்டப்படி முதல் எண் அறுபதைத் தாண்டினா போதும். ரெண்டாவது எண் உங்க தகவலுக்குத்தான். யாரோடதைப் போடணும்ங்குறது பெத்தவங்க முடிவு. ஆனா எங்கிட்டக் கேட்டா, தம்பியோடதைப் போடுங்க. அவரு ஒரு தப்பைப் பண்ணிட்டு அதோடயே இத்தனை வருஷம் இருந்திருக்காரு. அது சின்ன பிரேக்தான். ஆனா எல்லா ரோட்டுலயும் பிடிக்கும்.”

“கோழி வெட்டுதவன் புத்தியையா எம் பிள்ளைக்குப் போடச் சொல்லுதிய?” என்றார் சார். “நாளைக்குப் பிள்ளை கோழி கேட்டா?”

“ருசியெல்லாம் வராது சார்.”

“அதை யாரு கண்டா?”

இசக்கிமுத்து சுவரைப் பார்த்துச் சொன்னான்: “எடுக்கதுன்னா எடுத்துக்கிடுங்கண்ணே. நான் வெளிய யாருட்டயும் சொல்ல மாட்டேன்.”

“சின்னவரோடதே போட்டா என்ன?” என்று சிந்துஜா மெதுவாகக் கேட்டாள். சார் அவளைத் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார். அவள் மறுபடி கேட்கவில்லை.

அப்போது நான் சும்மா இருந்திருக்கலாம். என் ஜாதகத்தில் அது கிடையாது. “தொண்ணூத்தாறு எங்க, அறுபத்தொண்ணு எங்க?” என்றேன். “யாரும் பாக்காத எடத்துல யாருதான் ஒழுங்கு? நாலு பேருக்குப் பயந்து நடந்தாப் போதாதா? நம்ம தெருவுல நாலு பேரு இல்லாத நேரம் எது?” சார் என்னை நன்றியோடு பார்த்தார். சாட்சிக் கையெழுத்தைப் பெருமையோடு போட்டேன். எழுத்துக்கூட அழகாக வந்தது.

சாருடையதை ஒட்டுப் போட்டு ஒரு மாதத்தில் பிள்ளை ஆளே மாறிவிட்டாள். தெருவில் நடந்தால் தலை குனிந்த நடை. பெரியவர்களைக் கண்டால் எழுந்து நின்றாள். கோயிலில் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று கூடவே பாடினாள். ஒரு நாள் நான் காய்கறிப் பையோடு வந்தபோது ஓடிவந்து வாங்கிக்கொண்டு, “வெயில்ல ஏன் அத்தை அலையுதிய, எங்கிட்டச் சொல்லக் கூடாதா?” என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தெரு முழுக்க நானே சொல்லிக்கொண்டு போனேன். விஞ்ஞானம் என்றால் சும்மாவா, பெண்ணைப் பெற்ற இன்னும் இரண்டு வீட்டுக்காரர்களுக்கு அந்த மையத்தின் விலாசத்தையும் கொடுத்தேன்.

குகன் அழுகிற சத்தம் நின்றே போய்விட்டது. அதையும் நல்ல சகுனம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஆறாம் மாதம் ஒரு நாள் காலை. எங்கள் குழாயில் தண்ணீர் வந்தது, அவர்கள் குழாயில் வரவில்லை. குகனை நான் குளிப்பாட்டி அனுப்புகிறேன் என்று கூட்டிவந்தேன். சட்டையைக் கழற்ற விடவில்லை. கூச்சமாக்கும் என்று கேலி பண்ணிக்கொண்டே கழற்றினேன்.

இரண்டு மேற்கையின் உட்பக்கத்திலும், கக்கத்தை ஒட்டி, கையைத் தொங்கவிட்டால் மறைந்துவிடுகிற இடத்தில், வரிசையாகக் கிள்ளின காயம். பழையது மஞ்சளாக, அதற்கு மேல் பச்சையாக, மேலே புதிதாகக் கருநீலமாக. கை மூடுகிற எல்லையைத் தாண்டி ஒரு புள்ளி கிடையாது. அளவெடுத்தது போல.

செம்பைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

“யாரு மக்கா?”

“அக்கா.”

“அக்காதான் இப்பம் நல்ல பிள்ளையாச்சே.”

“எல்லாரும் இருந்தா நல்ல அக்கா” என்றான். “கதவ சாத்துனா பழைய அக்காகூட இல்ல. வேற அக்கா.”

“நீ ஏன் அழல? அழுதா எனக்குக் கேக்குமே.”

“அழுதா நீங்க வருவிய. வந்துட்டுப் போயிருவிய. பொறவு இன்னும் கூடும்.”

முன்பு அவள் நடு முற்றத்தில் வைத்துத்தான் வதைத்தாள். அதனால்தான் கரண்டியோடு ஓட முடிந்தது. இப்போது தொண்ணூற்றாறு மார்க் வாங்கின தடையை வாங்கிக் கொடுத்து, குகனைக் கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டோம். அதற்குச் சாட்சிக் கையெழுத்து நான்.

சிந்துஜா வங்கிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். சாரும் மிருதுளாவும் அவரவர் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். பிள்ளையின் கையைத் தூக்கிக் காட்டினேன். கத்துவாள், மயங்கி விழுவாள் என்று பிடித்துக்கொள்ளத் தயாராக நின்றேன். அவள் யார் செய்தது என்றுகூடக் கேட்கவில்லை. அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிள்ளைக்குச் சட்டையைப் போட்டு ஒவ்வொரு பொத்தானாக மாட்டினாள்.

“டாக்டர்ட்டப் போவோம் அக்கா. இப்பமே.”

“சாருக்கு ஒரு போன் போட்ருதேன்.”

“வேண்டாம்.”

இருபது வருடத்தில் அவள் என்னிடம் அவ்வளவு சத்தமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

ஹெப்சிபா பிள்ளையைப் படுக்கவைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். குகனைப் பக்கத்து அறையில் நர்சோடு விளையாட அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“நான் கோட்டை விட்டுட்டேன்” என்றார். “யாரும் பாக்காதப்ப தடை நிக்காதுன்னு எனக்குத் தெரியும். மாசா மாசம் சார் மிருதுளாவக் கூட்டிட்டு வந்தாரு, கேட்ட கேள்விக்கெல்லாம் சரியா பதில் சொன்னா, நானும் பாஸ் போட்டேன். என் முன்னால உக்காந்திருந்தா ஒழுங்காத்தானே இருப்பா?” கையுறையைக் கழற்றினார். “ஆனா இது வேற. ஒட்டுல தடை மட்டும் தனியா வராது. அது எங்க நிக்கும், எங்க நிக்காதுங்குற பழக்கமும் சேர்ந்தே வரும். பதினஞ்சு வயசுப் பிள்ளை, இதுவரைக்கும் எதையும் மறைச்சே பழக்கமில்லாதவ. உடம்புல எந்த இடம் வெளிய தெரியாது, எவ்வளவு கிள்ளுனா ரத்தம் வராது, எத்தனை நாள்ல மஞ்சளாகும், இதெல்லாம் யோசிச்சு அஞ்சே மாசத்துல கண்டுபிடிக்க முடியாது. இது பழகின கை.”

“யாரு பழகின கை?” என்றேன். எனக்குப் புரியவில்லை. உண்மையாகவே புரியவில்லை. தெருவில் எந்த வீட்டில் எந்தப் பருப்பு வேகிறது என்று மணத்திலேயே சொல்கிறவள் நான்.

டாக்டர் சிந்துஜாவைப் பார்த்தார்.

சிந்துஜா எழுந்து நின்றாள். சுடிதார்க் கையை மேலே சுருட்டி, கோயிலில் கும்பிடுவது போல இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள்.

நான் பார்த்தேன். அதே இடம். அதே வரிசை. மஞ்சள், பச்சை, கருநீலம். அதற்கு அடியில் இருபது வருடத்துத் தோல், கருத்துத் தடித்து, செருப்பின் அடி போல.

“இங்க மட்டுந்தான்” என்றாள், ஏதோ பெருமையான விஷயத்தைச் சொல்கிறவள் மாதிரி. “அவுக வேற எங்கயும் கை வச்சதில்ல.”

என் ஜன்னலிலிருந்து அவர்கள் முற்றம் தெரியும். அடுக்களை தெரியும். கொடியில் காயும் துணியில் எது புதிது எது பழையது என்று தெரியும். இருபது வருடம். டாக்டர் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

“மறுபடி ஒட்டுப் போட முடியுமா?” சிந்துஜா கையை இறக்கிச் சுருக்கத்தை நீவிக்கொண்டே கேட்டாள்.

“ஆறு மாசத்துக்குள்ளன்னா பழசை எடுத்துட்டு வேற போடலாம். ஒரே தடவைதான். அம்மா கையெழுத்து ஒண்ணே போதும்.”

“இன்னும் எத்தனை நாள் இருக்கு?”

“பத்தொன்பது நாள்.”

சிந்துஜா போனை எடுத்தாள். மறுமுனையில் கத்தி வெட்டும் சத்தமும் கோழிச் சத்தமும் எனக்கே கேட்டது.

“தம்பி, நான் சிந்துஜா பேசுதேன்.”

சத்தமெல்லாம் நின்றது. “சொல்லுங்க மதினி.”

“உங்க வீட்டுல ஒரு ரூம்பு இருக்குமா? நானும் பிள்ளைகளும்.”

“இருக்கு. எப்பம் வாரிய?”

“இப்பம்.” போனை மற்ற காதுக்கு மாற்றினாள். “மிருதுளாவையும் கூட்டிட்டுத்தான் வருவேன். அவ எப்படின்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும் மதினி. குகன் எங்கூடப் படுத்துக்கிடட்டும், பிள்ளை ஒங்ககூட. பயப்படாதிய.” பக்கத்தில் யாரிடமோ ஏதோ கேட்டான். “அடுப்புல கோழிதான் இருக்கு. ஒங்களுக்குத் தனியா சட்டி வாங்கச் சொல்லுதேன்.”

“இருக்கதைத் திங்கோம்” என்றாள் சிந்துஜா.

அவள் குகனைக் கூட்டிக்கொண்டு மிருதுளாவின் பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோ பிடித்தாள். பிள்ளைகளின் துணிமணியை மட்டும் எடுத்துவரச் சொல்லி வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தாள். இத்தனை வருடத்தில் அந்த வீட்டுச் சாவி என் கைக்கு வரும் என்று நான் எத்தனை நாள் ஏங்கியிருப்பேன். கையில் வைத்திருக்கவே கூசியது.

மத்தியானம் தெருவுக்குள் நுழைந்தேன். கீரைக்காரி, இஸ்திரி வண்டிக்காரர், எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்துகிறவள் என்று எல்லோரும் இருந்தார்கள். “எங்க போயிட்டு வாரிய அக்கா?” என்று கீரைக்காரி கேட்டாள். ஊரையே புரட்டிப் போடுகிற சேதி என் நாக்கு நுனியில் இருந்தது. “கோயிலுக்கு” என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உடம்புக்கு ஏதோ என்று நினைத்திருப்பாள்.

சார் வீட்டு வாசலில் செருப்பு கிடந்தது. மிருதுளாவின் பள்ளிக்கூடத்திலிருந்து அவருக்குப் போன் போயிருக்க வேண்டும். சார் வெளியே வந்து கேட்டில் கைவைத்து நின்றார். நெற்றியில் காலையில் பூசின திருநீறு அழியாமல் இருந்தது.

“வாங்க அக்கா” என்றார், எப்போதும் போல இனிமையாக. “அவங்க எல்லாம் எங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. உள்ள வந்து உக்காந்து சொல்லுங்களேன்.”

“இங்கன நின்னே பேசலாம் சார்.”

கீரைக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குத் திரும்பினாள். மாடியில் இருந்தவள் வாளியோடு உள்ளே போனாள். இஸ்திரி வண்டிக்காரர் சாப்பிட உட்கார்ந்து முதுகைக் காட்டினார். சார் தெருவின் அந்தக் கோடியைப் பார்த்தார். இந்தக் கோடியைப் பார்த்தார். கேட்டைத் திறந்துகொண்டு ஒரு அடி முன்னால் வந்தார்.

நான் இஸ்திரி வண்டிக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் திரும்பி, “என்னக்கா?” என்று கேட்கும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.